டவர் இல்லையா, ரேஞ்ச் இல்லையா?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
எங்கள் ஊர் அக்ஷயா மையத்தில் (கேரள அரசின் இ-சேவை மையம்) ஒட்ட ஒரு அறிவிப்பைத் தமிழில் எழுதித் தரச் சொன்னார்கள். கட்டடத்துக்குள் சிக்னல் சரியில்லை, ஓடிபி வரவில்லையென்றால் வாசலுக்குப் போய்ப் பாருங்கள், அவ்வளவுதான் விஷயம். மலையாள அறிவிப்பில் "ரேஞ்ச்" என்று இருக்கிறது. எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் ரேஞ்ச்தான். ஆனால் பொள்ளாச்சியிலிருந்து வந்த என் மனைவி "டவர் கிடைக்கல" என்பாள். சித்தூர் தாலுகாவில் ரெண்டும் கலந்துதான் ஓடுகிறது. எதைப் போட? மற்ற மொழிக்காரர்கள் எப்படிச் சொல்கிறார்கள் என்றும் தெரிந்தால் சொல்லுங்கள்.

எஸ்டேட் பையன்:
மூணாறு பக்கம் நாங்கள் எல்லாரும் தமிழ்தான், ஆனாலும் ரேஞ்ச்தான். லயத்துக்குள், அதாவது எஸ்டேட் வரிசை வீடுகளுக்குள் கிடைக்காது. சாயங்காலமானால் பாதி டிவிஷன் மேட்டுப் பாறையில் ஏறி போனை ஆட்டிக்கொண்டு நிற்கும். தேனிப் பக்கம் கம்பம் ஊரில் மாமா வீட்டுக்குப் போய் ரேஞ்ச் என்று சொன்னால் "இவன் முழு மலையாளத்தானாகிட்டான்" என்று சிரிக்கிறார்கள். அவர்கள் மட்டும் டவர் இல்லை என்கிறார்கள், யாரோ ராத்திரியோடு ராத்திரியாகக் கழற்றிக்கொண்டு போனதுபோல.

அலைவரிசை:
ரேஞ்ச் என்பதில் நியாயம் இருக்கிறது. பழைய 2ஜி ஜிஎஸ்எம்மில் சாதாரண அமைப்பில் டவரிலிருந்து 35 கிலோமீட்டர் தாண்டினால், சிக்னல் பலமாக இருந்தாலும் கால் போகாது. போன் அனுப்புவது டவரை எட்ட ஆகும் தாமதத்தை ஈடுகட்ட அந்தத் தூரத்துக்குத்தான் இடம் வைத்திருந்தார்கள். ஆனால் உங்கள் மையத்தில் பெரும்பாலும் தூரம் பிரச்சினையாக இருக்காது, கான்கிரீட்டும் சுவரும்தான் அலையைத் தின்னும். டவர் எதிரே இருந்தாலும் உள்ளே படுத்துவிடலாம். அதனால் சிக்னல் என்று போடுங்கள், ரெண்டு பக்கத்துக்காரர்களுக்கும் புரியும். மேலே தெரியும் கோடுகளை நம்பாதீர்கள், அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். செட்டிங்ஸில் டிபிஎம் (சிக்னல் பலத்தின் அளவு) பாருங்கள், மைனஸ் 80 என்றால் நல்லது, மைனஸ் 115 என்றால் வாசலுக்குப் போக வேண்டியதுதான்.

தமிழ்நெஞ்சன்:
சமிக்ஞை என்று போடலாமே?

எஸ்டேட் பையன்:
பென்ஷனுக்கு வரும் பாட்டி ரயில்வே கேட் எங்கே என்று கேட்கும், வேண்டாம்ணே.

ஊர்சுற்றி:
மற்ற மொழிகள் கேட்டீர்களே. இத்தாலிக்காரர்கள் "காம்போ இல்லை" என்பார்கள், வயலுக்கும் அதே சொல், இயற்பியலில் வரும் புலத்துக்கும் அதே சொல். ஸ்பெயினில் கோபெர்தூரா, மூடிப் போர்த்தியிருப்பது என்கிற பொருளில். பிரெஞ்சில் ரெசோ, அதாவது நெட்வொர்க், நம் இந்திக்காரர்கள் சொல்வதுபோலவே. ஜப்பானில் போன் திரையிலேயே "கெங்காய்" என்று வரும், எல்லைக்கு வெளியே என்று அர்த்தம். நம் மலையாளிகள் ஜப்பான் கட்சி! ஜெர்மன்காரர்கள் வைஃபையைக்கூட வைஃபை என்று சொல்ல மாட்டார்கள். 1999இல் விளம்பரத்துக்காக உண்டாக்கிய அந்தப் பெயரை ஊரே பிடித்துக்கொண்டது, அவர்கள் மட்டும் டபிள்யூலேன் என்ற பொறியாளர் சுருக்கத்தை "வேலான்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பழனிக்குப் போகிறவர்கள் போலத்தான் காதில் விழும்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
சரி, சிக்னல்தான். "உள்ளே சிக்னல் குறைவு. ஓடிபி வரவில்லையென்றால் வாசலில் நின்று பாருங்கள்." சேச்சியிடம் காட்டிவிட்டு ஒட்டுகிறேன்.

அலைவரிசை:
அந்த ஓடிபியை வாசலில் நிற்கிற யாரிடமும் சத்தமாகப் படித்துக் காட்டாதீர்கள் என்றும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.