ரொறன்ரோவின் நிலையற்ற வசந்தத்தில் வீட்டுத்தோட்டத்தை எப்போது தொடங்குவது?

கேள்வி – ஸ்காபரோவிலிருந்து

அனைவருக்கும் வணக்கம். பத்து ஆண்டுகள் அடுக்குமாடியில் வாழ்ந்துவிட்டு, சென்ற ஆண்டுதான் சிறிய பின்வளவு உள்ள வீட்டுக்கு வந்தோம். யாழ்ப்பாணத்தில் தோட்டம் செய்து வளர்ந்த என் தந்தை கத்தரி, வெண்டி, பாகல், பச்சைமிளகாய் வைக்க ஆசைப்படுகிறார். எனக்கு வாசலில் பூஞ்செடிகள் வேண்டும். சென்ற ஏப்ரல் இறுதியில் இரண்டு நாள் நல்ல வெயில் எறித்ததை நம்பி, கடையில் வாங்கிய பன்னிரண்டு தக்காளி நாற்றுகளையும் நட்டோம். மே முதல் வாரத்தில் ஒரே இரவில் அத்தனையும் கருகிப்போயின. அன்று காலை அப்பா அந்தப் பாத்தியருகே நெடுநேரம் பேசாமல் நின்றதை என்னால் மறக்க முடியவில்லை. இந்த ஆண்டும் செவ்வாய்க்கிழமை 19 பாகை, வெள்ளிக்கிழமை வெண்பனி என்றே போகிறது. எந்த நாளை நம்பி நடுவது? எங்கள் மண் களிமண் என்பதையும் கருத்தில் கொண்டு சொல்லுங்கள்.

மறுமொழி – மார்க்கத்திலிருந்து

வணக்கம் தங்கை. நான் ரொறன்ரோவுக்கு வடக்கே உள்ள மார்க்கம் (Markham) நகரில் இருக்கிறேன். நாற்றுகள் போனதற்கு உங்கள் அப்பாவின் கைப்பழக்கத்தில் குறை எதுவும் இல்லை. ஊரில் மழையைப் பார்த்து நட்டவர்களுக்கு, இங்கே இரவைப் பார்த்து நடவேண்டும் என்பது ஓரிரு ஆண்டுகள் கழித்தே பிடிபடும். எனக்கும் அப்படித்தான்.

ரொறன்ரோப் பகுதியில் கடைசி உறைபனி பெரும்பாலும் மே மாத முதற்பாதியில் விழுகிறது. அதனால்தான் இங்குள்ளவர்கள் விக்ரோறியா நாளை, அதாவது மே 25-க்கு முந்திய திங்கட்கிழமையை, நடுகைக்கு எல்லையாக வைத்திருக்கிறார்கள். 2020-இல் மே இரண்டாம் வாரத்தின் முடிவில் இங்கே பனி தூவியது. அதே மாதக் கடைசியில் வெயில் 30 பாகையைத் தாண்டியது. ஆகவே தோட்டம் முழுவதையும் ஒரே நாளில் தொடங்க எண்ணாமல், குளிரைத் தாங்குபவை, தாங்காதவை என்று பிரித்து இரண்டு தவணையாகத் தொடங்குங்கள்.

முதல் தவணையை இப்போதே, ஏப்ரலிலேயே தொடங்கலாம். பட்டாணி, முள்ளங்கி, ஸ்பினாச், லெட்டூஸ் ஆகியவை மண் 5 பாகைக்கு மேல் வந்தாலே முளைக்கத் தொடங்கும். இலேசான உறைபனி அவற்றைக் கொல்லாது. கொத்தமல்லியையும் வெந்தயத்தையும் குளிர் முழுதும் விலகட்டும் என்று காத்திருந்து விதைப்பவர்கள் பலர். ஆனால் கோடை வெயில் ஏறியதும் கொத்தமல்லி இலை வைப்பதை விட்டுப் பூத்துவிடும் என்பதால், அதற்கு இந்தக் குளிர்காலத் தொடர்ச்சியே நல்ல பருவம். வாசலுக்குப் பான்சி வாங்கி வையுங்கள். பனி விழுந்தால் தலை சாய்த்துவிட்டு, வெயில் வந்ததும் நிமிர்ந்துகொள்ளும் பூ அது.

உங்கள் அப்பா கேட்பவை அனைத்தும் இரண்டாம் தவணைக்கு உரியவை. தக்காளிக்கும் மிளகாய்க்கும் இரவு வெப்பநிலை தொடர்ந்து 10 பாகைக்கு மேல் இருக்கவேண்டும். கத்தரிக்கு 12 பாகையாவது இருந்தால் நல்லது. வெண்டி விதை குளிர்ந்த ஈரமண்ணில் முளைக்காமல் அழுகிவிடும். மண் 18 பாகையை எட்டிய பின், ஓர் இரவு நீரில் ஊறவைத்து ஊன்றுங்கள். ஒரு மண் வெப்பமானி வாங்கி, காலையில் 10 சென்ரிமீற்றர் ஆழத்தில் மூன்று நாள் தொடர்ந்து பாருங்கள். நான் நாட்காட்டியைவிட அதையே நம்புகிறேன்.

களிமண்ணைப் பற்றியும் சொல்லவேண்டும். ஒரு பிடி மண்ணை அள்ளிப் பிசைந்து விரலால் தட்டிப் பாருங்கள். உதிர்ந்தால் கொத்தலாம், உருண்டையாகவே நின்றால் இன்னும் ஈரம் மிகுதி. அவசரப்பட்டு ஈரக் களிமண்ணைக் கொத்தினால், அது கோடை முழுவதும் கட்டியாக இறுகிக் கிடந்து வேரை உள்ளே விடாது. கூட்டெருவைக் கலந்து பாத்தியை அரை அடி உயர்த்தினால் நீர் வடியும், மண்ணும் விரைவில் சூடேறும். வைக்கோலைப் பாத்திமேல் இப்போது பரப்பாதீர்கள். அது மண்ணின் குளிரைப் பூட்டி வைத்துவிடும். ஜூன் பிறந்த பின் பரப்பலாம்.

மறுமொழி – ஏரிக்கரையோரம் வசிப்பவர்

மேலே சொன்னவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் இடத்துக்கு இடம் கணக்கு மாறும் என்பதை நினைவில் வையுங்கள். ஒன்ராறியோ ஏரிக்கு அருகில் இருக்கும் எங்களுக்குப் பின்தங்கி வரும் உறைபனி குறைவு. மாறாக, மே மாதத்தில் ஏரிக்காற்று பகல் வெயிலைத் தணித்துவிடுவதால் மண் சூடேற நாளாகும். மார்க்கத்திலோ பகல் எங்களைவிடச் சூடாக இருக்கும், இரவு அதிகம் குளிரும். ஸ்காபரோவிலும் நீங்கள் கரையோரமா வடக்கா என்பதைப் பொறுத்தே நாள் அமையும்.

இன்னொன்று: வானிலை அறிக்கை சொல்லும் வெப்பநிலை தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மீற்றர் உயரத்தில் அளக்கப்படுவது. முகிலும் காற்றும் இல்லாத இரவில் தரை தன் சூட்டை வேகமாக வானுக்கு இழப்பதால், அறிக்கையில் 2 அல்லது 3 பாகை என்றிருக்கும்போதே செடியின் மேல் உறைபனி படியலாம். அத்தகைய நாளில் பிற்பகலிலேயே மண்ணுக்கு நீர் விடுங்கள். ஈரமண் சூட்டைக் கூடுதலாகச் சேமிக்கும். பொழுது சாய்வதற்கு முன் பழைய படுக்கை விரிப்பால் தரை தொடும்படி மூடி, காலையில் எடுத்துவிடுங்கள். பிளாஸ்ரிக் தாள் இலையைத் தொட்டால், தொட்ட இடம் கருகும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நாங்கள் வடக்குப் பக்கம்தான் இருக்கிறோம். அப்பா மார்ச் தொடக்கத்தில் சாளரத்தருகே விதைத்த மிளகாயும் கத்தரியும் இப்போது ஒரு சாண் உயரம் வந்துவிட்டன. ஆனால் தண்டு மெலிந்து ஒரு பக்கமாகச் சாய்கின்றன. அவற்றை வெளியே வைத்தால் தேறுமா? பாகலை என்ன செய்வது?

மறுமொழி – மார்க்கத்திலிருந்து

தேறும், ஆனால் உடனே வேண்டாம். சாய்வதற்கு ஒளிக் குறைவே காரணம்; மேலிருந்து ஒரு விளக்கு போட்டு, நாளும் சாடியைத் திருப்பி வையுங்கள். மே நடுப்பகுதியில் முதல் நாள் நிழலில் ஒரு மணிநேரம், மறுநாள் இரண்டு மணிநேரம் என்று ஏழு முதல் பத்து நாள் வெளிக்குப் பழக்குங்கள். வெயிலைவிடக் காற்றுத்தான் மெலிந்த தண்டை முறிக்கும். தக்காளி இலை குளிரில் ஊதா நிறமானால் பயப்படவேண்டாம். குளிர்மண்ணில் வேர் பொசுபரசை எடுக்க இயலாததால் வருவது அது, மண் சூடானதும் பச்சை திரும்பும்.

பாகல் விதையின் ஓட்டை இலேசாக உரசி, ஏப்ரல் கடைசியில் தனித்தனிச் சாடிகளில் ஊன்றுங்கள். வேரைக் குழப்பினால் அது பின்தங்கும் என்பதால் பின்னர் மண்ணோடு அப்படியே இறக்கி வைக்கவேண்டும். உங்கள் அப்பா அதுவரை சும்மா இருக்கமாட்டார் என்று நினைக்கிறேன். பந்தல் கால்களை இப்போதே நடச் சொல்லுங்கள்: மண் ஈரமாக இருப்பதால் கால் எளிதில் ஆழம் இறங்கும், கொடி வந்த பிறகு நட்டால் வேர் அறுந்துவிடும்.