கண்டெய்னர் வீட்டின் உள்சுவர்: மரச்சட்டத்தை இரும்பில் நேராகத் திருகலாமா?

கேள்வி (மணலி புதுநகர்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் மனையில் பழைய 40 அடி ஹைக்யூப் (வழக்கத்தைவிட ஒரு அடி உயரம் கூடிய) சரக்குக் கண்டெய்னர் ஒன்றை வாங்கி இறக்கியிருக்கிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது இங்கே தேங்கிய வெள்ளத்தை மனத்தில் வைத்து, அதன் நான்கு மூலைகளையும் உயரமான கான்கிரீட் தூண்கள் மேல் அமர்த்திவிட்டோம். உள்ளே மரச்சட்டம் அடித்து பிளைவுட்டால் மூடும் வேலையை நானும் என் மைத்துனரும் ஞாயிற்றுக்கிழமைகளில் செய்யவிருக்கிறோம். மரவாடியில் நான்குக்கு இரண்டு அங்குலச் சட்டம் வாங்கச் சொல்கிறார்கள். உள் அகலமோ ஏழே முக்கால் அடிகூட இல்லை. அவ்வளவு தடிமன் தேவையா? இரும்புச் சுவரில் நேராகத் திருகாணி ஏற்றலாமா?

மறுமொழி (தண்டையார்பேட்டை, தச்சுத் தொழில்)

தம்பி, கண்டெய்னரின் பாரத்தை மூலைத் தூண்களும் மேல் கீழ் இரும்பு விட்டங்களும் தாங்கிக்கொள்கின்றன. உங்கள் மரத்துக்கு உள்பலகையைப் பிடித்து நிற்பது ஒன்றே வேலை என்பதால், நன்றாகக் காய்ந்த இரண்டுக்கு இரண்டு சட்டமே போதும். இரும்புத் தகடு இரண்டு மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும். அதைத் துளைத்தால் ஒவ்வொரு துளையும் மழைநீருக்கு ஒரு வழியாகிவிடும். அடிச்சட்டத்தைத் தரையிலுள்ள 28 மி.மீ. பிளைவுட்டில் திருகுங்கள். மேற்சட்டத்துக்கு, மேல் விட்டத்தின் உட்புறம் சிறு ஆங்கிள் (L வடிவ இரும்பு) துண்டுகளை வெல்டிங் வைத்து போல்ட் போடுங்கள். சன்னல் வெட்டுவதாக இருந்தால், வெட்டிய இடத்தைச் சுற்றி இரும்புக் குழாய்ச் சட்டம் வைத்த பிறகுதான் மரவேலையைத் தொடங்க வேண்டும்.

மறுமொழி (எண்ணூர்)

நான் செய்த தவற்றைச் சொல்கிறேன். என் இருபதடிப் பெட்டியில் சட்டங்களை இரும்போடு ஒட்டித் திருகி, நடுவில் கண்ணாடிப் பஞ்சு திணித்தேன். மார்கழி விடியலில் கூரைத் தகடு குளிர்ந்து, உள்காற்றின் ஈரம் அதன் அடியில் முத்து முத்தாகக் கோத்து, சுவர் வழியே இறங்கியது. இரண்டாம் ஆண்டு பலகையைக் கழற்றியபோது பஞ்சு நனைந்த துணிபோலக் கனத்தது. சட்டத்தின் பின்பக்கம் நகம் பட்டாலே உதிர்ந்தது. கடற்காற்றில் திருகாணிகளைச் சுற்றித் துருவும் படர்ந்திருந்தது. ஆகவே மரத்துக்கும் இரும்புக்கும் இடையே ஒரு அங்குலம் விட்டு நிறுத்தி, அந்த இடைவெளியோடு சேர்த்து மூடிய நுண்ணறை பியூ ஃபோம் (தெளித்ததும் உப்பி இறுகும் பாலியூரித்தேன் நுரை; அதன் நுண்ணிய அறைகள் மூடியிருப்பதால் ஈரம் ஊடுருவாது) அடிக்கச் சொல்லுங்கள்; ஈரக்காற்று தகட்டைத் தொடாது, ஃபோம் இறுகியதும் மெல்லிய சட்டமும் ஆடாது. அது தீப்பிடிக்கும் பொருள் என்பதால், வெல்டிங் வேலை ஒன்றுகூட மிச்சமில்லாமல் முடிந்த பிறகே அடிக்க வேண்டும்.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. கணக்குப் பார்த்தேன்: பலகையும் சேர்ந்து பக்கத்துக்கு மூன்றரை அங்குலம் போனாலும் ஏழடிக்கு மேல் அகலம் மிஞ்சுகிறது. சட்டங்களை எவ்வளவு இடைவெளியில் நிறுத்துவது?

மறுமொழி (தண்டையார்பேட்டை, தச்சுத் தொழில்)

நடுவுக்கு நடு இரண்டடி. எட்டுக்கு நான்கு அடி பிளைவுட்டின் ஓரம் அப்போதுதான் சட்டத்தின் மையத்தில் விழும். உள் உயரம் எட்டடி பத்து அங்குலம் வருவதால், பலகை முடியும் எட்டடியில் ஒரு குறுக்குச் சட்டமும் இடுப்பளவில் இன்னொன்றும் கொடுங்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: பழைய தரைப் பலகைக்குப் பூச்சிமருந்து ஏற்றியிருப்பார்கள். கதவிலுள்ள தகட்டில் மருந்தின் பெயர் இருக்கும். அதைப் படித்துவிட்டு, தரையை அறுக்காமல் எபாக்சி பூசி மூடுங்கள்.