என்எஸ்-3: முதல் பாக்கெட்டுகள் மட்டும் தொலைவது ஏன்?

உபுண்டு 22.04, என்எஸ்-3.40 (நெட்வொர்க் சிமுலேட்டர்). 25 நோடுகள், 5x5 கட்டம், 80 மீட்டர் இடைவெளி. 802.11பி அட்-ஹாக் (நடுவில் ஆக்சஸ் பாயிண்ட் இல்லாத வைஃபை), ஓஎல்எஸ்ஆர் ரூட்டிங் (வழிகளை முன்கூட்டியே கணக்கிட்டு வைப்பது), ஆன்ஆஃப் (விட்டுவிட்டு டிராஃபிக் அனுப்பும் ஆப்) வழியே யுடிபி, 512 பைட் பாக்கெட்.

ஃப்ளோமானிட்டரில் (ஒவ்வொரு ஃப்ளோவின் இழப்பையும் அளக்கும் என்எஸ்-3 கருவி) பார்த்தால் ஒவ்வொரு ஃப்ளோவிலும் தொடக்கப் பாக்கெட்டுகள் மட்டும் காணவில்லை. அதற்கப்புறம் எல்லாம் சுத்தம்.

ரூட் அமையாததால் வரும் இழப்பு இல்லை இது. ஓஎல்எஸ்ஆர் ஹலோ (அண்டை நோடுகளைக் கண்டறியும் செய்தி) 2 நொடிக்கும் டிசி (நெட்வொர்க் அமைப்பைப் பரப்பும் செய்தி) 5 நொடிக்கும் ஒருமுறை என்பதால் டிராஃபிக்கை 30-வது நொடியில்தான் தொடங்குகிறோம். ரன் எண்ணையும் (ரேண்டம் எண் வரிசையை மாற்றுவது) 1 முதல் 10 வரை மாற்றியாயிற்று. டிராஃபிக் நின்று 10 நொடி கழித்தே சிமுலேஷன் முடிகிறது, ஆகவே வழியில் மாட்டிய பாக்கெட்டுகள் என்றும் சொல்ல முடியாது.

சந்தேகம் ஏஆர்பி (ஐபி முகவரிக்கு உரிய மேக் முகவரியைக் கேட்டறியும் முறை) மேல். பதில் வரும்வரை காத்திருக்கும் க்யூவில் இயல்பாக 3 பாக்கெட்டுக்குத்தான் இடம்; நாலாவது வந்தால் போச்சு. எல்லா நோடும் ஒரே நொடியில் கிளம்பினால் ஏஆர்பி பிராட்காஸ்ட்களும் மோதிக்கொள்ளும், அதற்கு ஏசிகே (கிடைத்தது என்ற ஒப்புதல்) கிடையாதே! பெண்டிங் க்யூ அளவை 100 ஆக்கியதும் இழப்பு பெரும்பாலும் மறைகிறது.

கேள்வி: ஆய்வுக் கட்டுரைக்கு இப்படி மாற்றுவது சரியா, தொடக்க நேரத்தைச் சிதறடிப்பது மேலா? நெய்பர் கேஷ் ஹெல்ப்பரை (ஏஆர்பி அட்டவணையை முன்கூட்டியே நிரப்பும் என்எஸ்-3 வசதி) வைஃபை அட்-ஹாக்கில் ஓட்டியவர்கள் இருந்தால் கோடு துண்டு போடுங்களேன்.