வயசான அம்மா அப்பாவோடு சொகுசுக் கப்பல் பயணம்: வடசென்னைக்காரர்கள் சொல்லும் அனுபவம்

ராயபுரம், டிக்கெட் போட்டுத் தருபவர்

"எந்தக் கப்பல் நல்லாருக்கும்?" என்றுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். பெரியவர்களை அழைத்துப் போவதாக இருந்தால் அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. முதலில் பார்க்க வேண்டியது எந்தக் கடல், எந்த மாதம் என்பது. அடுத்தது, வழியில் இறங்கும் ஊர்களில் கப்பல் கரையோடு அணைந்து நிற்குமா, தள்ளி நங்கூரம் போட்டு நிற்குமா என்பது. மூன்றாவது கேபின் இருக்கும் இடம். இந்த மூன்றிலும் தேறிய கப்பல்களை மட்டும் எடுத்துக்கொண்டு விலை பாருங்கள்.

நமக்குக் கைக்கெட்டும் வழி இரண்டு. ஒன்று, சென்னைத் துறைமுகத்திலிருந்தே ஏறுவது. கார்டிலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பல் 2022 ஜூனில் இங்கிருந்து ஓட ஆரம்பித்தது. 1990-இல் பிரான்சில் கட்டிய கப்பல், நீளம் சுமார் 210 மீட்டர். சென்னைப் பருவம் பெரும்பாலும் ஜூனிலிருந்து செப்டம்பர் வரை. விசாகப்பட்டினம், இலங்கைத் துறைமுகங்கள் என்று ஆண்டுக்கு ஆண்டு அட்டவணை மாறும். விமானம் ஏற வேண்டியதில்லை என்பது பெரிய ஆறுதல். பழைய கட்டுமானம் என்பதால் கேபின் அளவு சிறிது.

இன்னொன்று, 4 மணி நேரம் பறந்து சிங்கப்பூர் போய் அங்கே ஏறுவது. கென்டிங் ட்ரீம் கப்பலின் நீளம் 335 மீட்டர், ராயல் கரீபியன் நிறுவனத்தின் குவாண்டம் வகைக் கப்பல்கள் ஏறக்குறைய 348 மீட்டர். வசதி கூடுதல், நடையும் கூடுதல். சிங்கப்பூரில் ஏறித் திரும்பவும் சிங்கப்பூரிலேயே இறங்குவதால் விசா பலமுறை நுழையும் வகையாக இருக்க வேண்டும். ஒருமுறை விசாவோடு போனால் கப்பலில் ஏறும் இடத்திலேயே நிறுத்திவிடுவார்கள். பாஸ்போர்ட்டில் 6 மாதம் மிச்சம் இருக்கிறதா என்று பெரியவருடையதைத் தனியாக எடுத்துப் பாருங்கள். பிள்ளைகளுடையதைப் புதுப்பித்துவிட்டு அம்மாவுடையதை மறந்துபோவது அடிக்கடி நடக்கிறது.

இன்னொரு விஷயம். சென்னையிலிருந்து அந்தமான் போகும் பயணிகள் கப்பலையும் சொகுசுக் கப்பலையும் ஒன்றாக எண்ணி விசாரிப்பவர்கள் உண்டு. அந்தமான் கப்பல் ஊர் போய்ச் சேருவதற்கானது. இரண்டரை நாளுக்கு மேல் ஆகும், தனிக் கழிவறை வசதி வகுப்பைப் பொறுத்தது. முட்டி வலிக்காரரைப் பொழுதுபோக்குக்காக அதில் ஏற்றாதீர்கள்.

காசிமேடு, கப்பலில் வேலை பார்த்தவர்

அண்ணே சொன்ன கடல் சமாச்சாரத்தை நான் விரிச்சு சொல்றேன். ஒரே கப்பல்தான், ஒரு வழியில தொட்டில் மாதிரி போகும், வேற வழியில புரட்டி எடுக்கும்.

சிங்கப்பூர்லேர்ந்து பினாங்கு, லங்காவி, புக்கெட் பக்கம் போற வழி மலாக்கா நீரிணை. ஒரு பக்கம் சுமத்ரா, இன்னொரு பக்கம் மலேயா, ரெண்டும் அலையை மறிச்சிடும். வருஷத்துல முக்கால்வாசி நாள் தண்ணி அமைதியா இருக்கும். முதல் தடவை வர்ற பெரியவங்களுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. அதே சிங்கப்பூர்லேர்ந்து வியட்நாம், ஹாங்காங் பக்கம் போனா தென்சீனக் கடல். நவம்பர்லேர்ந்து பிப்ரவரி வரைக்கும் அங்க வாடை நேரா மோதும். டிசம்பர் லீவுல டிக்கெட் தேடறவங்க இதைப் பார்க்காமயே போட்டுடறாங்க.

நம்ம பக்கம் ஜூன் ஜூலையில கச்சான் காத்து, அதாவது மேல்காத்து, நிலத்துலேர்ந்து கடலுக்கு அடிக்கும். அதனால அரபிக்கடல் அளவுக்கு இங்க கரையோரம் கொந்தளிக்காது. ஆனா வங்கக் கடல்ல தாழ்வழுத்தம் உருவாச்சுன்னா கதை வேற. அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் புயல் காலம், பெரியவங்களோட வேண்டாம்.

புதுக் கப்பல்ல ஸ்டெபிலைசர் இருக்கு, ஆடாதுன்னு விக்கறவங்க சொல்வாங்க. அது தண்ணிக்கு அடியில ரெண்டு பக்கமும் நீட்டிக்கிட்டு இருக்கற துடுப்பு. பக்கவாட்டு ஆட்டத்தைத்தான் குறைக்கும். அணியம், அதாவது கப்பலோட முன்பக்கம், தூக்கி விழற ஆட்டத்தை அதால ஒண்ணும் பண்ண முடியாது. அந்த ஆட்டம் அணியத்துலயும் பின்பக்கத்துலயும் அதிகம், நடுவுல கம்மி. மேல போகப் போகப் பக்கவாட்டு ஆட்டம் கூடும். அதனால நடுக்கப்பல்ல, கீழ் டெக்ல கேபின் எடுங்க. மேல் டெக் பால்கனிக்குக் காசு கூடக் கொடுத்து, கூடவே மயக்கத்தையும் வாங்காதீங்க.

டெக் படத்தை எடுத்து உங்க கேபினுக்கு நேர் மேலயும் நேர் கீழயும் என்ன இருக்குன்னு பாருங்க. மேலயும் கீழயும் கேபினாவே இருந்தா நிம்மதி. மேல நீச்சல்குளத் தளம் இருந்தா காலையில 5 மணிக்கே நாற்காலி இழுக்கற சத்தம் வரும். கீழ நாடக அரங்கு இருந்தா ராத்திரி தூக்கம் போச்சு.

திருவொற்றியூர், பிசியோதெரபி பார்ப்பவர்

கேபின் லிஃப்டுக்குப் பக்கத்தில் இருந்தால் போதும் என்று நினைப்பதற்கு முன் ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். திருவொற்றியூர் ஸ்டேஷனில் 12 பெட்டி மின்சார ரயில் நிற்கும் நீளம் ஏறக்குறைய 250 மீட்டர். கூட்டம் இல்லாத மதியத்தில் அம்மாவை அந்தப் பிளாட்பாரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடக்க விடுங்கள். 10 நிமிடம் உட்காரட்டும், பிறகு திரும்பி நடக்கட்டும். சிங்கப்பூர்க் கப்பல்களின் நீளத்துக்கு இதே ரயிலோடு இன்னும் 4 பெட்டி சேர்க்க வேண்டும். சாப்பாட்டு அறை பின்னால், அரங்கு முன்னால் என்று இருந்தால் ஒரு மாலைக்கு இந்த நடை போக ஒன்று, வர ஒன்று.

நடுவில் ஒருமுறை உட்கார்ந்து முடித்தார் என்றால் நடு லிஃப்டுக்கு அருகே கேபின் போதும். இரண்டு முறை உட்கார்ந்தாலோ, சுவரைப் பிடித்தாலோ, அன்றாடம் வீட்டில் வீல்சேர் தேவைப்படாதவராக இருந்தாலும் கப்பலுக்கு ஒன்று எடுத்துப் போங்கள். கப்பல்காரர்கள் வீல்சேர் தருவார்கள் என்பது பாதி உண்மைதான். ஏறவும் இறங்கவும் மட்டும் தருவார்கள், பயணம் முழுக்க நம்மிடம் விட்டுவைக்க மாட்டார்கள்.

இங்கேதான் அளவு நாடா வேண்டும். நம் ஊரில் கிடைக்கும் மடக்கு வீல்சேர் 24 முதல் 26 அங்குல அகலம். சாதாரணக் கேபின் கதவு பல கப்பல்களில் 22 முதல் 25 அங்குலம்தான். நாற்காலி வெளியிலேயே நிற்கும். தீ விபத்து விதியால் அதை நடைபாதையிலும் நிறுத்த விடமாட்டார்கள். மடக்கி உள்ளே வைக்க இடம் உண்டா என்று பாருங்கள், இல்லையென்றால் மாற்றுத்திறனாளிகளுக்கான கேபின் கேளுங்கள். அதில் கதவு 32 அங்குலம், குளியலறையில் படி கிடையாது, பிடிகம்பி, ஷவரில் உட்காரும் பலகை எல்லாம் இருக்கும். ஒரு கப்பலில் அப்படிப்பட்ட கேபின்கள் கொஞ்சம்தான், முதலில் தீர்வதும் அவைதான். ஆறேழு மாதம் முன்னாலேயே கேட்டுவிடுங்கள்.

சாதாரணக் கேபினிலேயே தங்குவதாக இருந்தால் குளியலறையை நினைத்துப் பாருங்கள். வாசலில் தண்ணீர் வெளியே வராமலிருக்க 10 முதல் 15 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு தடுப்பு. அதைத் தாண்டிக் காலை உள்ளே வைத்தால் ஈரத் தரை, உடம்பில் ஒட்டும் பிளாஸ்டிக் திரை. ஜன்னல் இல்லாத உள்கேபின் என்றால் விளக்கை அணைத்த பிறகு கைவிரல்கூடத் தெரியாத இருட்டு. ராத்திரி 2 மணிக்குக் கப்பல் லேசாகச் சாய்ந்திருக்கும்போது, தூக்கக் கலக்கத்தில் எழுந்து போகும் அப்பா தடுக்கி விழுவது அந்த இடத்தில்தான். கப்பலில் பெரியவர்கள் விழுவதைப் பற்றிக் கேட்டால் மேல்தளத்தையும் மாடிப்படியையும் நினைப்போம். நான் பயப்படுவது இந்தத் தடுப்பைப் பார்த்துத்தான்.

ஆள் அசைந்தால் எரியும் பேட்டரி விளக்கு இரண்டு வாங்குங்கள். கேபின் சுவர் பெரும்பாலும் இரும்புத் தகடு, காந்தம் வைத்த விளக்கு அப்படியே ஒட்டிக்கொள்ளும். ஒன்று கட்டில் பக்கம், ஒன்று குளியலறைத் தடுப்புக்கு நேர் மேலே. தடுப்பின் விளிம்பில் பளிச்சென்ற நிறத்தில் டேப் ஒட்டுங்கள், இறங்கும் நாளில் பிரித்துவிடலாம். ரப்பர் அடிப்பாகமுள்ள, பின்பட்டை வைத்த செருப்பு. ஹவாய் செருப்பு கூடாது.

வெளித்தளக் கதவுகள் கனமானவை, காற்று அழுத்தத்தில் பட்டென்று மூடும். அம்மா கை வைப்பதற்கு முன் நீங்கள் பிடியுங்கள்.

வண்ணாரப்பேட்டை, வீட்டுச் செவிலியர்

மாத்திரை எல்லாம் கைப்பையில்தான். கொடுத்தனுப்பிய பெட்டி கேபின் வாசலுக்கு வர மாலை ஆகிவிடும், சிலசமயம் இரவாகும். மதிய வேளை சர்க்கரை மாத்திரை அதற்குள் இருந்தால் என்ன செய்வீர்கள்? பயண நாட்களோடு 5 நாள் கூடுதலாக எடுங்கள். மருந்தின் பொதுப்பெயரில் (ஜெனரிக்) எழுதிய மருந்துச்சீட்டு ஒன்று தாளில் இருக்கட்டும்.

இன்சுலின் போடுகிறவர்கள் கேபின் குட்டி ஃபிரிட்ஜை நம்பக் கூடாது. பலவற்றில் பானம் குளிரும் அளவுக்குத்தான் சில்லிப்பு. திறக்காத பேனாவுக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும். மருத்துவ ஃபிரிட்ஜ் வேண்டுமென்று டிக்கெட் போடும்போதே எழுதிக் கேளுங்கள். திறந்த பேனா பெரும்பாலும் 30 டிகிரிக்குள் 4 வாரம் தாங்கும், ஏசி கேபினில் கவலையில்லை. பயன்படுத்திய ஊசியைப் போடுவதற்கான பெட்டியையும் கேட்டு வாங்குங்கள், குப்பைத் தொட்டியில் போட்டால் சுத்தம் செய்ய வருபவர் கையில் குத்தும்.

சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். இங்கே காலை 8 மணி மாத்திரை அங்கே பத்தரைக்கு வரும். சர்க்கரை மருந்தைக் கடிகாரத்தோடு கட்டாமல் சாப்பாட்டோடு கட்டுங்கள். முதல் நாள் எப்படி மாற்றுவது என்று மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.

தலைசுற்றலுக்கு மெடிக்கலில் கேட்டால் உடனே அவோமின் எடுத்துக் கொடுப்பார்கள். அதில் இருப்பது ப்ரோமெத்தசின். புரோஸ்டேட் வீக்கம் உள்ள அப்பாவுக்கு அதனால் சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம். சிலவகை கண்நீர் அழுத்த நோய்க்கும் (கிளாக்கோமா) ஆகாது. வயதானவர்களுக்கு மயக்கமும் குழப்பமும் தரும், ஏற்கெனவே ஆடும் தரையில் அது விழுவதற்கு வழி. அவருடைய மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். காற்றோட்டமாக, நடுக்கப்பலில், தொடுவானத்தைப் பார்த்து உட்காரவைப்பதும், வெறும் வயிற்றில் விடாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வைப்பதும் பலருக்குப் போதும்.

கப்பலில் மருத்துவரும் செவிலியரும் 24 மணி நேரமும் உண்டு. முதலுதவி, நெஞ்சுவலிக்கு ஆரம்ப சிகிச்சை, தையல் எல்லாம் செய்வார்கள். பெரிய சிகிச்சை என்றால் அடுத்த துறைமுகத்தில் இறக்குவார்கள். கட்டணம் அறைக் கணக்கில் ஏறும், நாம் கட்டிவிட்டுப் பிறகுதான் காப்பீட்டில் வாங்க வேண்டும். ரசீதோடு மருத்துவர் குறிப்பையும் கேட்டு வாங்குங்கள். காப்பீடு எடுக்கும்போது கப்பல் பயணம் சேருமா, அவசரமாக இறக்கிக் கொண்டுபோகும் செலவு சேருமா, சர்க்கரை, ரத்த அழுத்தம், ஸ்டென்ட் எல்லாம் எழுதிக்கொடுத்திருக்கிறோமா என்று மூன்றையும் பாருங்கள். மறைத்த நோய்க்குப் பணம் வராது.

வயிற்றுப்போக்குக் கிருமி கப்பலில் வேகமாகப் பரவும். நோரோவைரஸ் என்னும் அந்தக் கிருமிக்கு சானிடைசர் அவ்வளவாக வேலை செய்யாது. சோப்பும் தண்ணீரும்தான், சாப்பாட்டுக்கு முன்னால் ஒவ்வொரு முறையும்.

ராயபுரம், டிக்கெட் போட்டுத் தருபவர்

அக்கா சொன்னதோடு சாப்பாடும் சேரட்டும். பெரியவர் கையில் தட்டைக் கொடுத்து பஃபே வரிசையில் நிற்க விடாதீர்கள். உட்கார்ந்தால் கொண்டுவந்து பரிமாறும் பெரிய சாப்பாட்டு அறைக்கு முதல் இரவே போய், மேற்பார்வையாளரிடம் குழைந்த சாதம், தயிர், உப்புக் குறைவு என்று சொல்லிவிட்டால் மறுநாளிலிருந்து அவர்களே கவனித்துக்கொள்வார்கள். கெட்டில், குட்டி ரைஸ் குக்கர், ஹீட்டர் கம்பி எல்லாம் சோதனையில் பிடுங்கிக்கொள்வார்கள். வெந்நீருக்கு ஃபிளாஸ்க் மட்டும் எடுங்கள்.

காசிமேடு, கப்பலில் வேலை பார்த்தவர்

டெண்டர் பத்தி யாரும் இன்னும் விரிவா சொல்லல. கரையில அணைய இடமில்லாத ஊர்ல கப்பல் தள்ளி நிக்கும், சின்னப் படகுல இறக்கி விடுவாங்க. கப்பலும் ஆடும், படகும் ஆடும், ரெண்டும் ஒரே தாளத்துல ஆடாது. படகு மேல வர்ற கணத்துல காலை வைக்கணும். முட்டி மடங்காதவங்களுக்கு அது ஆகாது, அலை இருந்தா வீல்சேரை ஏத்தவே மாட்டாங்க. பினாங்குல கப்பல் ஊருக்குள்ளயே அணையும். போர்ட் கிளாங்குலயும் அணையும், ஆனா கோலாலம்பூர் போக பஸ்ல ஒரு மணி நேரத்துக்கு மேல. புக்கெட்ல படோங் கடற்கரைன்னு போட்டிருந்தா டெண்டர்தான். பயணத் திட்டத்துல ஊர் பேர் மட்டும்தான் இருக்கும். அணையறதா டெண்டரான்னு தனியா கேக்கணும்.

அணையற இடத்துலயும் ஒண்ணு கவனிங்க. ஓதம், அதாவது கடல்மட்டம், ஏறி இறங்கறப்ப கேங்வே, அதாவது கப்பல்லேர்ந்து இறங்கற பலகை, அதோட சரிவு மாறும். காலையில சமமா இருந்த பலகை சாயங்காலம் செங்குத்தா நிக்கும். இறங்கறப்பவே திரும்பி வர்ற நேரத்துக்கு சரிவு எப்படி இருக்கும்னு பாதுகாப்பு ஆள்கிட்ட கேளுங்க.

2012-ல இத்தாலியில கோஸ்டா கன்கோர்டியாங்கற சொகுசுக் கப்பல் சாஞ்சதுக்கு அப்புறம், கப்பல் கிளம்பறதுக்கு முன்னாலயோ கிளம்பின உடனேயோ பாதுகாப்புப் பயிற்சி முடிச்சாகணும்னு விதி. ஆபத்துல லிஃப்ட் ஓடாது. அம்மாவால படி ஏற முடியாதுன்னா ஏறின அன்னிக்கே வரவேற்பு மேசையில பேர் எழுதிக் கொடுங்க, ஆளும் தூக்கு நாற்காலியும் ஒதுக்குவாங்க. கேபின் எடுக்கறப்பவே, ஆபத்துல எல்லாரும் கூட வேண்டிய இடம் எத்தனை டெக் தள்ளின்னு பார்த்தா இன்னும் நல்லது.

திருவொற்றியூர், பிசியோதெரபி பார்ப்பவர்

சென்னையிலேயே ஏறுபவர்களுக்கு மட்டும் ஒன்று. நம் பக்கத்திலிருந்து எண்ணூர் விரைவுச் சாலை வழியாக வந்தால் கன்டெய்னர் லாரி வரிசையில் மாட்டிக்கொள்வீர்கள், காரில் பெரியவருக்குக் கழிவறை அவசரம் வந்தால் ஒதுங்க இடமில்லை. விம்கோ நகரிலிருந்து மெட்ரோவில் மண்ணடி வந்து, அங்கிருந்து ஆட்டோவில் ராஜாஜி சாலைக்கு வருவது நிதானமானது. லிஃப்ட் உண்டு, நேரமும் கணக்காகத் தெரியும். பெரிய பெட்டிகளை ஒருவர் காரில் முன்னாலேயே கொண்டுபோகட்டும். வழியனுப்ப வருபவர்கள் வாயிலோடு நிற்க வேண்டியதுதான். அதனால் வீல்சேர் தள்ளப்போகிறவர் பெயரும் டிக்கெட்டில் இருக்க வேண்டும்.