ஒரேக்கிளுக்குத் தமிழில் என்ன? ‘விரிச்சி’ என்கிறேன்

குழுவினருக்கு வணக்கம்.

தனியே ஆடும் கதை விளையாட்டு ஒன்றை நான் செய்துகொண்டிருக்கிறேன். அதைப் பற்றிப் போன கிழமை நிலாவெளியிலிருந்து சேர் எழுதியிருந்தார்:

> தனியாக இருந்து ஆடும் மேசை விளையாட்டுகளில் ‘ஒரேக்கிள்’ என்று ஒன்று வருகிறதே, தம்பி தன் விளையாட்டில் அதற்கு என்ன சொல் போடப் போகிறார்? ஆரூடம் என்று வைத்தால் என்ன குறை?

பொருள் புதிதாக இருப்பவர்களுக்காக முதலில் சொல்லிவிடுகிறேன். நாலு பேர் கூடி ஆடும் கதை விளையாட்டில் கதையை நடத்த ஓர் ஆள் இருப்பார். தனியே ஆடும்போது அந்த ஆள் இல்லை. ஆகவே கட்டையை உருட்டி, ஒரு பட்டியலைப் பார்த்து, அதில் வரும் சொல்லை வைத்துக் கதையை நாமே நகர்த்துகிறோம். இப்படிப் பதில் தரும் ஏற்பாட்டைத்தான் ஒரேக்கிள் என்கிறார்கள். 2018இல் வந்த அயர்ன்ஸ்வோர்ன் என்ற விளையாட்டு இந்த வகையில் பலரும் அறிந்தது. அதில் ஒரேக்கிள் என்ற ஒரே பெயரில் இரண்டு வேலை நடக்கிறது. ஒன்று, ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்வது. மற்றது, நூறு நூறு சொற்கள் உள்ள பட்டியல்களிலிருந்து ஒரு செயலையும் ஒரு கருப்பொருளையும் எடுத்துத் தருவது. ஆங்கிலம் இரண்டையும் ஒரே பெயரில் கட்டிவிட்டது. நாமும் அப்படிக் கட்டவேண்டும் என்றில்லை.

ஆரூடம் எனக்கு ஒட்டவில்லை, சேர். ஆரூடத்தில் பதில் ஏற்கெனவே எங்கோ இருக்கிறது, சொல்பவருக்கு அது தெரியும். இங்கே பதில் எங்கும் இல்லை, ஆடுபவர்தான் உண்டாக்குகிறார். ‘குறி’யும் சரிவராது. என் விளையாட்டுத் தாளில் உள்ள சிறு படங்களுக்கே குறி என்றுதான் பெயர் வைத்திருக்கிறேன்.

பிறகு விரிச்சி நினைவுக்கு வந்தது. முல்லைப்பாட்டில் அரசன் போருக்குப் போயிருக்கிறான், அரசி காத்திருக்கிறாள். முதுபெண்டிர் ஊர்ப்புறத்துக்குப் போய் நெல்லும் முல்லைப்பூவும் தூவிக் கைதொழுது, காதைக் கொடுத்து நிற்கிறார்கள். அந்தப் பக்கம் ஓர் இடைப்பெண், கட்டிக்கிடந்து தவிக்கும் கன்றைப் பார்த்து, உன் தாய்மார் இப்போதே வந்துவிடுவார்கள் என்று தேற்றுகிறாள். அவள் பேசியது கன்றோடு. அரசியை அவள் நினைக்கவே இல்லை. ஆனாலும் பெண்டிர் அதை அரசியின் கேள்விக்குப் பதிலாக எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். யாரோ எதற்கோ சொன்ன சொல்லை என் கவலைக்குப் பொருத்திப் பார்ப்பதுதான் விரிச்சி. தொல்காப்பியம் வெட்சித்திணையிலேயே இதைச் சொல்கிறது. தனியாட்டத்தின் சொற்பட்டியல் செய்வதும் இதே வேலை.

என் விளையாட்டின் வடிவமைப்பே இந்தச் சொல்லால் மாறிப்போனது. ஆடுபவர் மாரிகாலத்தில் கரையில் ஒரு வாடியில் (மீனவர் குடிலில்) இருந்து, திரும்பாத வள்ளத்துக்காகக் காத்திருக்கிறார். நாளுக்கு ஒரு தரம் சோகி (சோழி) எறிந்து, வந்த வாசகத்தை வைத்துக் கொப்பியில் அன்றைய பொழுதை எழுதவேண்டும். பட்டியலில் முதலில் ‘துரோகம்’, ‘நம்பிக்கை’ என்று கனத்த சொற்களைப் போட்டிருந்தேன். அவற்றைத் தூக்கிவிட்டு, இப்போது திருகோணமலை மீன் சந்தையிலும் பஸ் நிலையத்திலும் காதில் விழுந்த பேச்சைப் போடுகிறேன். “மிச்சக்காசை நாளைக்குத் தாறன்.” “கதவைச் சாத்தாதேங்கோ, இன்னும் ஒராள் வரக் கிடக்கு.” வள்ளத்துக்குக் காத்திருப்பவர் இந்த இரண்டாவதை வாசிக்கும்போது என்ன ஆகும் என்று பாருங்கள்.

சோகி நாலு. இரண்டு பக்கமும் சமமாக விழும் என்று வைத்தால், நாலும் மல்லாக்க விழ 16இல் 1 வாய்ப்பு, மூன்றுக்கு 4, இரண்டுக்கு 6, ஒன்றுக்கு 4, எதுவும் மல்லாக்க விழாமலிருக்க 1. ஆகவே வரிசைகளில் 1, 4, 6, 4, 1 என்று 16 வாசகங்களுக்கு இடம் வைத்தேன். இடங்களைக் குறித்துத் தாளைத் தள்ளிப் பிடித்தால், மேலும் கீழும் ஒடுங்கி நடு விரிந்து, வாசலில் போடும் புள்ளிக் கோலத்தின் உருவம் தானாகவே வந்திருந்தது. அதற்குப் பிறகு கட்டம், கோடு எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன்.

எழுத்து வடிவத்துக்குத் திருகோணமலைக் கோட்டை வாசல் கல்லைத்தான் பார்த்தேன். கோணேசர் மலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் கடந்து போகிற கல் அது, இணைக்கயல் (இரட்டை மீன்) செதுக்கியது. குளக்கோட்டன் என்ற மன்னன் செய்த கோயில் திருப்பணியைப் பறங்கி (போர்த்துக்கேயர்) குலைப்பான் என்ற வெண்பா அதில் துண்டு துண்டாக நிற்கிறது. வரி ஓரங்களில் எழுத்துகள் போய்விட்டன. நின்று வாசித்தால் வாய் தன்பாட்டில் விட்ட எழுத்தை நிரப்பும். அந்த நிரப்புதலைத் தாளில் கொண்டுவர, சில வாசகங்களின் ஓரத்தை வேண்டுமென்றே உடைத்திருக்கிறேன்.

இன்னொன்று. பழைய கல்வெட்டுகளில் எழுத்தின் மேல் வைக்கும் புள்ளி பெரும்பாலும் இராது. வீரமாமுனிவரின் எழுத்துத் திருத்தத்துக்கு முன் எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாட்டையும் புள்ளிதான் காட்டவேண்டியிருந்தது. புள்ளி விடுபட்டால் ‘கொடு’ என்பதைக் கொடு என்றும் படிக்கலாம், கோடு என்றும் படிக்கலாம். எரி, ஏரியாகவும் படும். ஓர் ஆட்டத்துக்கு இதைவிட நல்ல எழுத்து கிடைக்குமா? கடைசி வரிசையின் ஒற்றை வாசகத்தை இந்த முறையில் எழுதியிருக்கிறேன்.

சரி, சேரின் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

*

தம்பி,

விரிச்சி நல்ல சொல். என் மனதுக்கு இரண்டு தடை. பிள்ளைகள் விரிசல், விரிப்பு என்று மயங்குவார்கள். மற்றது, வினை வேண்டும். ஆடுபவர் விதியை வாசித்துவிட்டு என்ன செய்வார்? ‘விரிச்சிக்கிறேன்’ என்றா சொல்வார்?

ஆம், இல்லை என்ற பதிலுக்கும் இதுவேதானா? அதற்கு இது பெரிய சட்டை.

*

சேர்,

வினை சொல்லோடேயே வருகிறது. விரிச்சி நிற்றல், விரிச்சி கேட்டல் என்பதுதான் வழக்கு. விதியில் “விரிச்சி கேள்” என்று இரண்டே சொல் போதும், தலைப்புக்கு ‘விரிச்சிப் பட்டியல்’. மயக்கம் முதல் ஆட்டத்தோடு தீர்ந்துவிடும் என்று நம்புகிறேன். தனியே ஆடும் பல்லாங்குழிக்குச் சீதைப்பாண்டி என்று பெயர். அசோகவனத்தில் சீதை ஆடியது என்ற கதை தெரிந்தால் அந்தப் பெயரை ஆரும் மறப்பதில்லை. விரிச்சிக்கும் கன்றின் கதை இருக்கிறது. அதை முதல் பக்கத்தில் நாலு வரியில் சொல்லிவிடுவேன்.

ஆம், இல்லை விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. அதற்குத் ‘திருவுளச்சீட்டு’ என்று வைக்கலாமா? சாமி முன் இரண்டு சீட்டு மடித்துப் போட்டு ஒன்றை எடுப்பது எல்லோருக்கும் தெரிந்தது. சாமி சம்பந்தம் வேண்டாம் என்பவர்கள் ‘சீட்டு’ என்று சுருக்கிக்கொள்ளட்டும். சீட்டு இரண்டில் ஒன்றைச் சொல்லும், விரிச்சி சொல்லைத் தரும். இரண்டும் தனித்தனியே நின்றால் விதிப்பக்கத்தில் அரைப் பக்கம் மிச்சமாகும். மொத்தமே ஒரு ஏ4 தாளை மடித்த எட்டுச் சிறு பக்கம்தான், போட்டோக்கொப்பியில் கறுப்பு மட்டும். அரைப் பக்கம் எனக்குப் பெரிய இடம்.

அந்த இடத்தில் இணைக்கயலை வரையப் போகிறேன். இன்னும் மூன்று வாசகம் குறைகிறது. மூன்றும் நடு வரிசைக்கு. நிலாவெளிக் கரைவலைக்காரரிடம் காதில் விழுந்தது ஏதும் இருந்தால், அவர்கள் சொன்னபடியே, திருத்தாமல் அனுப்புங்கள்.