கைக்குழந்தைகளுக்கான 19ஆம் நூற்றாண்டுத் தூக்க சிரப்: புட்டிக்குள் எவ்வளவு மார்ஃபின், மேலே அரசு முத்திரை எப்படி?

பழம்புட்டி (கேள்வி):
வணக்கம். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் குழந்தைகளுக்கு விற்ற பேடன்ட் மருந்துகளை, அதாவது சரக்கை வெளியில் சொல்லாமல் பெயர் போட்டு விற்ற மருந்துகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். காட்ஃப்ரே கார்டியல், மிஸஸ் வின்ஸ்லோ சூதிங் சிரப் இரண்டிலும் அபின் சரக்கு இருந்தது என்பது தெரியும். தெரியாதவை மூன்று. ஒரு வேளைக்கு உண்மையில் எவ்வளவு உள்ளே போனது? சில குழந்தைகள் மாதக்கணக்கில் குடித்தும் பிழைத்திருக்க, சில ஒரே இரவில் இறந்தது ஏன்? ஆங்கிலேயப் புட்டிகள் பலவற்றின் மூடிமேல் அரசாங்க முத்திரை ஒட்டியிருக்கிறதே, அரசே பரிசோதித்து ஒப்புதல் கொடுத்ததா? கூடவே ஒன்று: நம் வீடுகளில் கொடுத்த வுட்வர்ட்ஸ் கிரைப் வாட்டரும் அதே காலத்துச் சரக்குதான். அதையும் இந்தக் கூட்டத்தில் சேர்க்கலாமா?

கல்வம்:
முதல் கேள்விக்குக் கணக்காகவே பதில் சொல்லலாம்.

மிஸஸ் வின்ஸ்லோ சிரப் 1849 முதல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்து பேங்கர் ஊரிலிருந்து விற்பனைக்கு வந்தது. ஒரு திரவ அவுன்ஸுக்கு 65 மில்லிகிராம், அதாவது 1 கிரெய்ன் மார்ஃபின் (அபினின் வீரியச் சரக்கு). அமெரிக்க அவுன்ஸ் 29.57 மி.லி., ஆகவே மி.லி.க்கு 2.2 மி.கி. ஒரு மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கு 6 முதல் 10 சொட்டு, மூன்று மாதக் குழந்தைக்கு அரைத் தேக்கரண்டி, ஆறு மாதத்துக்கு மேல் ஒரு தேக்கரண்டி, நாளைக்கு மூன்று நான்கு முறை என்பது அளவுக் குறிப்பு.

தேக்கரண்டி 5 மி.லி. என்றால் 11 மி.கி. மார்ஃபின். ஆறு மாதக் குழந்தையின் எடை 7 கிலோ என்று வையுங்கள். இன்று அந்த வயதில் கடும் வலிக்கு, மூச்சைக் கண்காணித்துக்கொண்டே, வாய்வழியாகக் கொடுப்பது கிலோவுக்கு 0.1 முதல் 0.2 மி.கி., அதாவது மொத்தம் 0.7 முதல் 1.4 மி.கி. லேபிளில் சொன்ன ஒரு வேளை அதைப்போல 8 முதல் 16 மடங்கு. பல் முளைக்கும் அழுகைக்கு இந்த அளவு.

சொட்டுக் கணக்கும் ஆபத்துதான். பத்துச் சொட்டை அரை மி.லி. என்று கொண்டால் 1.1 மி.கி.; 3.5 கிலோ சிசுவுக்குக் கிலோவுக்கு 0.3 மி.கி. பிறந்த குழந்தையின் கல்லீரலுக்கு மார்ஃபினை மாற்றும் திறன் குறைவு, சிறுநீரகம் கழிப்பதும் மெதுவாகத்தான். பெரியவர்கள் உடலில் இரண்டு மூன்று மணி நேரத்தில் பாதியாகும் மருந்து, சிசுவின் உடலில் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு நேரம் தங்கும். முதல் வேளை இறங்குமுன் அடுத்த வேளை ஏறும். மூளைத்தண்டில் மூச்சை நடத்தும் மையம் மந்தமாகும். குழந்தை 'நன்றாகத் தூங்குகிறது' என்று வீட்டார் நினைக்கும் நேரத்தில் மூச்சின் இடைவெளி நீண்டுகொண்டே போயிருக்கும்.

சதகுப்பை:
கல்வம் ஐயாவின் கணக்கில் ஒரு சிறு திருத்தம். அந்தக் கால மருந்துக் கணக்கில் தேக்கரண்டி என்பது 1 திரவ டிராம், ஏறத்தாழ 3.7 மி.லி. அப்படிப் பார்த்தால் வேளைக்கு 8 மி.கி.தான். மடங்கு குறையும், முடிவு மாறாது. வீட்டுக் கரண்டிகள் பெரிதும் சிறிதுமாக இருந்ததால் உண்மை அளவு இரண்டுக்கும் நடுவில் எங்கும் இருந்திருக்கலாம்.

சில குழந்தைகள் பிழைத்து, சில ஒரே இரவில் போனதற்கு காட்ஃப்ரே கார்டியலைப் பார்த்தால் விளக்கம் கிடைக்கும். அது ஒரு கம்பெனியின் சரக்கு இல்லை. கருஞ்சர்க்கரைப் பாகு, சாசஃப்ராஸ் என்ற மரத்தின் வாசனை எண்ணெய், லாடனம் என்கிற அபின் டிங்சர் (ஆல்கஹாலில் கரைத்த அபின்) இவைதான் சரக்கு என்பது எல்லோருக்கும் தெரியும். அளவைத்தான் ஒவ்வொரு மருந்துக் கடைக்காரரும் தன் கைப்பழக்கத்தில் போட்டார். பேட்மன் டிராப்ஸ் என்ற இன்னொரு பழைய ஆங்கிலேய மருந்தின் செய்முறைகளை ஒப்பிட்டபோது, ஒரு பைண்டுக்கு (சுமார் அரை லிட்டர்) ஏழரை கிரெய்ன் அபின் முதல் 100 கிரெய்ன் வரை வித்தியாசம் இருந்தது. அதனால்தான் பிலடெல்பியா மருந்தாளர் கல்லூரி 1824இல் காட்ஃப்ரே உட்பட எட்டு ஆங்கிலேய மருந்துகளுக்கு ஒரே சீரான செய்முறை வெளியிட்டது. ஒரு தெருக் கடையில் வாங்கிப் பழகிய தாய் அடுத்த தெருக் கடையில் வாங்கினால் அதே கரண்டிக்குப் பல மடங்கு போகும்.

அடுத்தது வண்டல். இந்தப் பாகு நின்றால் அபின் சரக்கு அடியில் தங்கும். குலுக்காமல் ஊற்றினால் மேல்பகுதி வலுவில்லாமல் இருக்கும். குழந்தை அடங்கவில்லையே என்று கரண்டியைக் கூட்டுவார்கள். புட்டி காலியாகும் சமயத்தில் அதே கூட்டிய அளவில் அடிச்சரக்கு வரும். பத்து நாள் ஒன்றும் ஆகாத குழந்தை பதினோராம் நாள் இறப்பது இப்படித்தான்.

ஆலைக்கும் லேஸ் வேலைக்கும் போன தாய்மார் குழந்தையைக் காசுக்குப் பார்த்துக்கொள்ளும் கிழவியிடம் விட்டுப் போவார்கள். காலையில் தாய் ஒரு வேளை, சொல்லாமல் கிழவி ஒரு வேளை. ஏழு எட்டுக் குழந்தைகளை ஒற்றை ஆளாகப் பார்ப்பவருக்கு வேறு வழியும் தோன்றியிருக்காது. தாய்மாரை மட்டும் குற்றம் சொல்லிவிட்டுப் போகிற எழுத்துகளை என்னால் ஏற்க முடியவில்லை.

எனக்கு இதைவிட வேதனை தருவது மெதுவாக நடந்த சாவுகள். மார்ஃபின் குடலைக் கட்டும், பசியை அடக்கும். தூங்கும் குழந்தை பால் கேட்காது. உடல் வற்றிக்கொண்டே வரும். மருந்து இறங்கும்போது வீறிட்ட அழுகை, பேதி, நடுக்கம். அதைப் பார்த்து 'பழைய நோய் திரும்பிவிட்டது' என்று மறுபடியும் அதே புட்டி. பதிவேட்டில் காரணம் 'பலவீனம்', 'வலிப்பு', 'பல் முளைத்தல்' என்று ஏறும். நம் ஊரில் 'மாந்தம்' என்ற ஒரே சொல்லில் பலதும் அடங்கிப்போனது போல.

அமிலத்துளி:
பதிவேட்டில் அபின் பெயர் வராததற்கு ஆய்வுக்கூடக் காரணமும் உண்டு. அபினுக்கு அன்றைய முக்கியச் சோதனை, அபினிலேயே இருக்கும் மெகோனிக் அமிலத்தைத் தேடுவது: ஃபெரிக் குளோரைடு விட்டால் ரத்தச் சிவப்பு. ஆனால் உமிழ்நீரில் உள்ள தயோசயனேட்டும் அதே சிவப்பைக் கொடுக்கும். பிரித்தறிய மெர்க்குரிக் குளோரைடு சேர்க்க வேண்டும். தயோசயனேட் நிறம் மறையும், மெகோனிக் அமிலத்தின் நிறம் நிற்கும். இந்த இரண்டாம் படியை விட்டால் முடிவு செல்லாது. வின்ஸ்லோ போல அபினுக்குப் பதில் மார்ஃபின் உப்பையே போட்ட சிரப்பில் மெகோனிக் அமிலமே கிடையாது, சோதனை வெறுமையாகத்தான் வரும்.

மார்ஃபினையே தேடினால், நைட்ரிக் அமிலத்தில் செம்மஞ்சள், ஃபெரிக் குளோரைடில் நீலம். அதற்கு முன் வயிற்றுச் சரக்கிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும். மார்ஃபின் ஈதரில் சரியாகக் கரையாது, அமைல் ஆல்கஹால் வேண்டும். குழந்தையின் உடலில் இருப்பது சில மில்லிகிராம். பாகின் கருநிறம் வேறு சோதனையின் நிறத்தை மறைக்கும். அதனால் அபின் விஷத்தின் அடையாளமான சுருங்கிய கண்மணியும் காலிப் புட்டியும்தான் பெரும்பாலும் சாட்சி. புட்டியைக் கழுவிவிட்டால் அதுவும் இல்லை.

முத்திரைத்தாள்:
முத்திரைக்கு வருகிறேன். அது ஒப்புதல் அல்ல, வரி ரசீது. 1783இல் பிரிட்டனில் பேடன்ட் மருந்து வரி வந்தது, 1941 வரை நீடித்தது. 1 ஷில்லிங் வரையுள்ள மருந்துக்கு ஒன்றரை பென்னி, 2 ஷில்லிங் 6 பென்ஸ் வரை 3 பென்ஸ். பழைய விளம்பரங்களில் 1 ஷில்லிங் ஒன்றரை பென்னி, 2 ஷில்லிங் 9 பென்ஸ் என்ற விநோத விலைகள் வரியையும் சேர்த்த விலைகள். கட்டணம் கொடுத்தால் தயாரிப்பாளர் பெயரையே முத்திரைக்குள் அச்சிட்டுத் தருவார்கள். வாங்குபவர் கண்ணுக்கு அது அரசு உத்தரவாதமாகவே தெரியும். விற்பவர்களும் 'முத்திரை இல்லாதது போலி' என்றே விளம்பரம் செய்தார்கள்.

'பேடன்ட்' என்ற சொல்லும் அதே மயக்கம் தருவது. உண்மையில் பேடன்ட் எடுத்தால் செய்முறையை வெளியிட வேண்டும், காலம் முடிந்தால் யாரும் செய்யலாம். ஆகவே பெரும்பாலோர் பேடன்ட் எடுக்கவே இல்லை. பெயரையும் புட்டி வடிவத்தையும் காத்துக்கொண்டு சரக்கை மறைத்தார்கள். 1868 மருந்தகச் சட்டம் அபினைக் கட்டுக்குள் கொண்டுவந்தபோதும் பேடன்ட் மருந்துகளுக்கு விலக்கு கொடுத்தது. மிகத் தேவையான இடத்தில் சட்டம் விலகி நின்றது என்பதே என் எண்ணம்.

கிரைப் வாட்டர் இந்தக் கூட்டத்தில் சேராது. வில்லியம் வுட்வர்ட் 1851இல் நாட்டிங்ஹாமில் தொடங்கியது. சதகுப்பை எண்ணெய், சோடியம் பைகார்பனேட், சர்க்கரை, தண்ணீர், 3.6% ஆல்கஹால். அபின் கிடையாது. ஆல்கஹால் கைக்குழந்தைக்குத் தேவையற்றது, பிற்காலத்தில் பிரிட்டனில் அதை எடுத்தும்விட்டார்கள். ஆனால் மூச்சை நிறுத்தும் சரக்கு அல்ல. காட்ஃப்ரே மிகுதியாக ஓடிய அதே ஊரில் அபின் இல்லாத ஒன்று வந்தது குறிப்பிடத்தக்கது.

பழம்புட்டி:
மிக்க நன்றி. வின்ஸ்லோ புட்டியின் லேபிளை வைத்து அது மார்ஃபின் உள்ள காலத்ததா என்று சொல்ல முடியுமா?

முத்திரைத்தாள்:
ஓரளவு முடியும். 1906 அமெரிக்க உணவு மருந்துச் சட்டம் 1907 ஜனவரி 1 முதல் அமலானது. அது மார்ஃபினைத் தடுக்கவில்லை. ஆல்கஹால், அபின், மார்ஃபின், கோகெய்ன், குளோரோஃபார்ம் போன்றவை இருந்தால் அளவை லேபிளில் எழுதச் சொன்னது, அவ்வளவே. ஆகவே மார்ஃபின் அளவு அச்சான லேபிள் 1907க்குப் பிந்தையது. ஒன்றும் அச்சாகாமல் பழைய பாணியில் இருந்தால் பெரும்பாலும் அதற்கு முந்தையது, உள்ளே மார்ஃபின் இருந்திருக்கும். 1911இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் இதைக் 'குழந்தைக் கொல்லி' வரிசையில் வைத்தது. போதைச் சரக்கு விற்பனையைக் கட்டுப்படுத்திய 1914 ஹாரிசன் சட்டம் அவுன்ஸுக்குக் கால் கிரெய்ன் மார்ஃபினுக்கு மேல் உள்ளதற்கு விலக்கு தரவில்லை. பழைய சரக்கு 1 கிரெய்ன், நான்கு மடங்கு. அதன்பின் மார்ஃபின் இல்லாமல் 1930 வரை விற்றார்கள்.

1907க்குப் பிந்தைய பல மருந்து லேபிள்களில் '1906 ஜூன் 30 சட்டப்படி உத்தரவாதம்' என்ற வரியும் ஒரு வரிசை எண்ணும் இருக்கும். அந்த உத்தரவாதம் தயாரிப்பாளர் கொடுத்தது, அரசு கொடுத்தது அல்ல. ஜனங்கள் மறுபடியும் அரசு உத்தரவாதம் என்றே எடுத்துக்கொண்டதால் அந்த வரியையே பிறகு நிறுத்தச் சொன்னார்கள். புட்டியில் அந்த வரி இருந்தால் காலத்தைக் குறிக்க உதவும். உள்ளே என்ன இருந்தது என்பதற்கு அளவு அச்சான வரியை மட்டும் பாருங்கள்.