சை யங் கையெழுத்து: அசல்தானா, எப்படிப் பார்ப்பது?

பழைய பேஸ்பால் பொருட்கள் சேர்ப்பவர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா? அமெரிக்க பேஸ்பால் பந்துவீச்சாளர் சை யங் கையெழுத்துப் போட்ட அஞ்சலட்டை ஒன்று கைக்கு வந்திருக்கிறது. 1890 முதல் 1911 வரை பந்து வீசி 511 ஆட்டங்களை வென்ற மனிதர். அந்தக் கணக்கை இன்றுவரை யாரும் தொடவில்லை. 1904-இல் எதிரணியில் ஒருவரைக்கூட முதல் பேஸுக்கு (மட்டையாளர் முதலில் ஓடிச் சேரவேண்டிய இடம்) போகவிடாமல் முழு ஆட்டத்தையும் வீசி முடித்தார். அவர்மேல் எனக்கு அப்படியொரு பிரியம்.

ஓய்வுக்குப் பிறகு 1955-இல் இறக்கும்வரை நிறைய காலம் இருந்ததால் அவர் கையெழுத்து ஓரளவு கிடைக்கிறது. ஆனால் போலிகளும் உண்டு.

இது ஊற்றுப்பேனா மை. கடைசி எழுத்தின் வாலில் லேசாகக் கசிந்திருக்கிறது, ஒரு மூலையும் மடங்கியிருக்கிறது. இதனால் மதிப்பு எவ்வளவு குறையும்? சரிபார்க்க யாரிடம் அனுப்பலாம்? விற்கப்போவதில்லை, காப்பீட்டுக்காகத்தான் கேட்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.